படைப்புக் குறிப்பு எழுதும் திருகோணமலைக் கலைஞர்களின் கவனத்திற்கு
உறுப்பினர்களுக்கு வணக்கம். கண்காட்சிக்குப் படைப்புகளை அனுப்புவோர் தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எதன்மேல், எதனால் வரைந்தது), அளவு என்னும் வரிசையில் விவரம் எழுதி, அளவில் உயரத்தை முதலில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறோம், "கன்வஸில் அக்ரிலிக், 60 × 90 செ.மீ." என்றாலே படம் கிடையானது என்பது விளங்கிவிடும். படைப்பைப் பற்றி நீங்களே எழுதும் கலைஞர் கூற்றில் "உள்ளத்து உணர்வுகளின் வெளிப்பாடு" போன்ற, எவருடைய ஓவியத்துக்கும் பொருந்தும் வரிகளைத் தவிர்த்து, டச்சுக் குடாவில் கரையேற்றிய வள்ளத்தின் உரிந்த வர்ணத்தைக் காட்ட ஏன் தூரிகையை விட்டுக் கத்தியால் சுரண்டினீர்கள் என்பது போல, செய்த வேலையையே எழுதுங்கள். 150 சொற்கள் தாராளம். விருதுகளுக்குரிய இடம் தன்விவரக் குறிப்பு (அங்கும் பொன்னாடைகளைக் கணக்கிட வேண்டியதில்லை). ஓவியத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் நேர்முகமாகப் படமெடுத்து, தரம் குறையாதிருக்க வட்ஸ்அப்பில் ஆவணமாகவே அனுப்பவும்.