கவரோடு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மாணவர்களுக்காக வெளியிட்டிருந்த தபால்தலைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இதைப் பற்றி எழுத இன்னும் ஒரு பத்திரிகை இருக்கிறதே என்று மனம் நிறைந்தது. ஆனால் எத்தனை நாட்டுத் தலைகள் சேர்கின்றனவோ அத்தனை நல்லது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. நாற்பது வருடமாக மலாயா ஒன்றையே சேர்த்து வருகிறவள் நான். பல நாட்டுத் தலைகளைக் கலந்து விற்கும் பொட்டலம் வாங்கி ஆல்பத்தை நிரப்பிவிடலாம். நிரம்பிய பிறகு அதில் படிக்க ஒன்றும் இருக்காது.

மலாயாவை ஏன் பிடித்தேன் என்பதைக் கூத்தாநல்லூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் சபராளி, அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர், இல்லாத வீடு குறைவு. நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களில் என் பாட்டனாரும் ஒருவர்.

ஒரே நாட்டை எடுத்துக்கொண்டால் கண் பழகும். 1867 வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் இந்திய அரசாங்கத்தின் கீழ் இருந்தன. அங்கே ஒட்டியதும் இந்தியத் தபால்தலைதான். வெறும் அரையணா, ஓரணாத் தலை என்று நாம் தள்ளிவிடக்கூடிய ஒன்றில் பி 172 என்று முத்திரை இருந்தால் அது சிங்கப்பூரில் விழுந்த முத்திரை. பி 147 என்றால் பினாங்கு. 1867இல் இந்தியாவிலிருந்து ஆட்சி பிரிந்ததும் புதுத் தலை அச்சாகி வரும்வரை காத்திருக்காமல், இந்தியத் தலைகள் மேலேயே ஒரு கிரீடத்தையும் சென்ட் கணக்கையும் அச்சடித்து விற்றார்கள். அரையணாத் தலை ஒன்றரை சென்ட் ஆனது. ஒரு சரித்திரப் பாடமே அந்தச் சிறு கிரீடத்துக்குள் அடங்கியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மலாயாவின் வடக்கே உள்ள கெடா. 1909 வரை சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பிடியில் இருந்த நாடு. 1912இல் சொந்தத் தலை வெளியிட்டபோது ராஜா படம் போடவில்லை, நெற்கதிர்க் கட்டைப் போட்டார்கள்; சற்று விலை கூடிய தலைகளில் ஒரு மலாய்க்காரர் ஏர் உழுகிறார். வெண்ணாற்றுப் பாசனத்தில் பிறந்தவளுக்கு அதை முதன்முதலாக லென்ஸில் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று டெல்டா வாசகர்களுக்குத் தெரியும்.

இனி நான் எழுத வந்த விஷயம். எட்டாம் வகுப்பு படிக்கும்போது பாட்டனாரின் கடிதக் கட்டை எடுத்து, தலை இருந்த மூலைகளையெல்லாம் கத்தரித்து, கிண்ணத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தேன். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். உங்கள் கட்டுரையும் அதையேதான் சொல்கிறது. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த 1942 முதல் யுத்தம் முடியும்வரை எங்கள் வீட்டுக்கு ஒரு வரி வரவில்லை. அதன்பின் வந்த முதல் கடிதத்தில், ஆறாம் ஜார்ஜ் மன்னர் முகத்தின் மேல் பி.எம்.ஏ. மலாயா என்று அச்சடித்த தலை இருந்ததாம். பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் என்று பொருள். அந்தத் தலை இன்றும் என்னிடம் இருக்கிறது. சில ரூபாய்க்கு எங்கும் கிடைக்கிற சாதாரணத் தலைதான். கவர் இல்லை. பின்பக்கத்தில் எங்கள் ஊர் தபாலாபீஸ் முத்திரை எந்தத் தேதியில் விழுந்தது, பாட்டனார் உயிரோடு இருக்கிறார் என்று பாட்டி எந்த நாளில் அறிந்தார் என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. அந்தத் தேதியைக் கத்தரித்துப் போட்டது நான்.

ஆகவே பெற்றோர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய கவரில் தலையை உரிக்காதீர்கள். நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கமெல்லாம் டிரங்குப் பெட்டிகளில் இன்னும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகின்றன. தப்பியவற்றை ஐப்பசி, கார்த்திகை ஈரமும் இராமபாணப் பூச்சியும் தின்கின்றன. மழை விட்டதும் பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் வேண்டாம், சாயம் வெளுக்கும். ஒட்டாத புதுத் தலை இருந்தால் ஈரக் கையால் தொடாதீர்கள், பசை பிடித்துக்கொள்ளும். செலோடேப் எந்தக் காரணத்துக்கும் ஆகாது. வருடம் போகப்போக மஞ்சளாகக் கறை இறங்கி, தலையும் கவரும் இரண்டுமே கெட்டுவிடும்.

பிள்ளைகளுக்கும் ஒரு யோசனை. உங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்த நாடு எதுவோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயா, பர்மா, இலங்கை, எதுவானாலும் சரி. கவரின் முன்பக்க முத்திரையில் கிளம்பிய தேதி, பின்பக்கத்தில் வந்த தேதி இருக்கும். கழித்துப் பார்த்தால் கடல் தாண்டி வர எத்தனை நாள் ஆனது என்று தெரியும். என்னிடம் மிஞ்சிய ஒரு 1938ஆம் வருடத்துக் கவருக்கு ஒன்பது நாள்.

தங்கள் இதழில் மாதம் அரைப் பக்கம் ஒதுக்கி, வாசகர் வீட்டுக் கவர் ஒன்றின் இரு பக்கத்தையும் படமாக வெளியிட முடியுமா? முகவரியை மறைத்துவிடலாம். முதல் மாதத்துக்கு அந்த 1938 கவரின் படத்தை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கூத்தாநல்லூர், திருவாரூர் மாவட்டம்