கொட்டாஞ்சேனை உறவுகளுக்குக் கல்லடியிலிருந்து நன்றி

பேரன்புக்குரிய கொட்டாஞ்சேனைப் பங்கு உறவுகளுக்கு,

மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சையை நிறைவுசெய்துகொண்டு எங்கள் அம்மா உதயதேவி ரயிலில் மட்டக்களப்பு வந்து சேர்ந்துவிட்டார். இப்போது விறாந்தைவரை துணையின்றி நடக்கிறார். இதை முதலில் அறிய வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

நத்தார் காலத்தில் ஊரைவிட்டு இருந்து அம்மாவுக்குப் பழக்கமில்லை. மாரி மழையில் குடைபிடித்து வரும் கரோல் குழுவினருக்குப் பயற்றம் பணியாரமும் தேநீரும் கொடுத்து அனுப்பிய பின்னரே, தாண்டவன்வெளி காணிக்கை மாதா ஆலயத்தின் நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படுகிறவர் அவர். கொழும்பில் அந்த நாள் வாடகை அறைக்குள் கழிந்துவிடுமோ என்று நாங்கள் கலங்கியிருந்தபோது, படியேற இயலாத அவருக்காகத் தமது கீழ்த்தள அறையை ஒழித்துத் தந்ததோடு, ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கிய தம்பி குடும்பத்துக்கும் பாய் விரித்து இடமளித்த வீட்டுக்கார அக்காவுக்கு எங்கள் நன்றி. நள்ளிரவுவரை அம்மாவால் விழித்திருக்க முடியாதென அறிந்து மாலையிலேயே எங்கள் ஒழுங்கைக்குள் வந்து பாடிய பாடகர் குழாத்துப் பிள்ளைகளுக்கும், நத்தார் காலையில் நற்கருணையைக் கட்டிலருகே கொண்டுவந்த அருட்தந்தைக்கும், மகரகமவில் பொறுமையோடு காத்திருந்து அழைத்துவந்த ஓட்டோக்காரச் சகோதரருக்கும் அவ்வாறே நன்றி கூறுகிறோம். அவர் இஸ்லாமியர், நத்தாரன்று எங்களிடம் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

ஆயினும், எங்கள் மனதை நிறைத்திருப்பது மறுநாள் நடந்ததே. 2004 டிசம்பர் 26இல் அம்மாவின் தங்கையையும் அவரது இரு பிள்ளைகளையும் நாவலடியில் சுனாமி கொண்டுபோனது. அன்றிலிருந்து எங்கள் கரையோர வீடுகள் பலவற்றில் நத்தார் மகிழ்ச்சி ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் அங்கே விளக்கேற்றுகிற அம்மா இம்முறை கட்டிலிலிருந்து அழுதபோது, வீட்டுக்கார அக்கா முன்கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து விளக்கு வைத்தார். காலை 9.25 மணிக்கு, சுனாமியில் இறந்தவர்களுக்காக நாடெங்கும் மௌனம் காத்த அந்த இரண்டு நிமிடங்களும் அயலவர்கள் உள்ளே வந்து எங்களோடு எழுந்து நின்றார்கள். அவர்களுள் சிலர் 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயக் குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்தவர்கள். அதே காலையில் எங்கள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் உயிர்கள் பறிக்கப்பட்டதால், ஒருவருக்கொருவர் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா அன்று பகல்தான் பல நாள்களுக்குப் பிறகு வயிறார உண்டார்.

நீங்கள் இரவல் தந்த சக்கர நாற்காலியை, நீங்கள் சொன்னபடியே, எங்கள் பங்கில் நடமாட முடியாத ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிட்டோம். செப்டெம்பரில் ஆயித்தியமலை சதாசகாய மாதா திருவிழாவுக்குக் குடும்பங்களோடு வாருங்கள். தங்குவதற்குக் கல்லடியில் எங்கள் வீடு இருக்கிறது. சமையலைத் தானே பார்த்துக்கொள்வதாக அம்மா சொல்லச் சொன்னார்.

இங்ஙனம்,
அம்மாவும் பிள்ளைகளும்,
கல்லடி, மட்டக்களப்பு.