செஸ்ட்நட் மரம்: கட்டுரையில விட்டுப்போனது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்க செஸ்ட்நட் மரம் (வறுத்துத் தின்ற கொட்டை காய்க்கிற காட்டு மரம்) பத்தி வந்த கட்டுரை படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா படிச்சு முடிக்கும்போது கோதுமையிலேருந்து ஒரு ஜீனை எடுத்து மரத்துக்குள்ள வச்சாங்க, பூஞ்சையால வந்த நூறு வருஷத்து நோய் தீந்துச்சு, இனி காடெல்லாம் செஸ்ட்நட்தான்ற மாதிரி ஒரு நினைப்பு வந்துடுது. அப்படி இல்லீங்க. 2023 டிசம்பர்ல நடந்தது பத்தி ஒரு வரி கூட இல்லை, அதனாலதான் இதை எழுதுறேன்.

1904ல நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில மரங்களைப் பாத்துக்கிட்ட மெர்க்கல் இந்த நோயை முதல்ல கவனிச்சது, ஜப்பான் செஸ்ட்நட் செடிங்களோட அந்தப் பூஞ்சை வந்து இறங்கினது, அரை நூற்றாண்டுக்குள்ள 300, 400 கோடி மரம் போனது, இதெல்லாம் கட்டுரையில சரியாவே இருக்கு. கோதுமை ஜீன் விஷயமும் அடிப்படையில சரிதான். அந்தப் பூஞ்சை பட்டையில இருக்கிற காயம், வெடிப்பு வழியா உள்ள நுழைஞ்சு ஆக்சாலிக் ஆசிட்டை விட்டு உயிர்த் திசுவைக் கொல்லும், புண்ணு மரத்தை சுத்தி வளைச்சிடுச்சுன்னா அதுக்கு மேல தண்ணியும் சத்தும் போகாது, அவ்ளோதான். கோதுமையில இருக்கிற ஒரு என்சைம் அந்த ஆசிட்டை உடைச்சிடும், பூஞ்சை சாகாது ஆனா அதோட ஆயுதம் போயிடும். நியூயார்க் மாநிலத்து சிராகியூஸ் ஊர்ல இருக்கிற காட்டியல் கல்லூரியில வில்லியம் பவலும் சார்லஸ் மேனார்டும் பல வருஷம் உழைச்சு கொண்டுவந்த வழி இது, அந்த மரத்துக்கு டார்லிங் 58னு பேர் வச்சு 2020ல அமெரிக்க விவசாயத் துறைகிட்ட அனுமதியும் கேட்டாங்க.

இப்போ விட்டுப்போன பாதி. பவல் 2023 நவம்பர்ல இறந்துட்டார், அடுத்த மாசமே, செஸ்ட்நட்டை மீட்கணும்னு வேலை செய்யற அமெரிக்கன் செஸ்ட்நட் ஃபவுண்டேஷன் இந்த மரத்துக்குக் குடுத்த ஆதரவை வாபஸ் வாங்கிடுச்சு. காரணம் என்னன்னா இத்தனை வருஷமா டார்லிங் 58னு நட்டு, டெஸ்ட் பண்ணி, பேப்பர் போட்டதெல்லாம் நிஜத்துல டார்லிங் 54ன்ற இன்னொரு மரம், எப்பவோ ஆய்வகத்துல மாறிப்போயிருக்கு. அதுல புது ஜீன் போய் உக்காந்த இடம் மரத்தோட சொந்த ஜீன் ஒண்ணைக் கெடுத்துட்டு உக்காந்திருக்கு. அதோட மரங்க மெதுவா வளருது, நோயைத் தாங்குறதும் மரத்துக்கு மரம் வேற வேறயா இருக்குன்னு ஃபவுண்டேஷன் சொன்னாங்க. சிராகியூஸ் காரங்க இந்த மரம் சரிப்படாதுன்றதை ஒத்துக்கல, விடாம முயற்சி பண்றாங்க. யார் பக்கம் நியாயம்ன்றதை விடுங்க, இவ்வளவு பணமும் பேரும் போட்ட ஒரு அமைப்பு தானே முன்வந்து வெளிய சொன்னது பெரிய விஷயம்னுதான் எனக்குத் தோணுது, அதை மறைச்சு எழுதினா அவங்க நேர்மைக்கே மரியாதை இல்லாமப் போயிடும்.

அந்த ஃபவுண்டேஷன் 1983ல ஆரம்பிச்சப்போ ஜீன் மாத்துற பேச்சே கிடையாது. சோள ஆராய்ச்சியில பேர் வாங்கின சார்லஸ் பர்ன்ஹாம் சொன்ன கணக்கு என்னன்னா, நோய் தாங்குற சீன செஸ்ட்நட்டோட கிராஸ் பண்ணி, திரும்பத் திரும்ப அமெரிக்க மரத்தோடயே கிராஸ் பண்ணிட்டே போனா, 16ல 15 பங்கு அமெரிக்க மரமா இருக்கும் ஆனா சீன மரத்தோட எதிர்ப்பு சக்தி தங்கிடும். ஆரம்பிச்சவங்கள்ல நம்ம ஊர்ல கோதுமையால தெரிஞ்ச நார்மன் போர்லாக்கும் ஒருத்தர், இதை எத்தனை பேருக்குத் தெரியும்! ரெண்டு மூணு ஜீன்தான் விஷயம்னு நினைச்சு வேலை செஞ்சாங்க, பின்னாடி பாத்தா எதிர்ப்பு சக்தி நிறைய ஜீன்ல சிதறிக் கிடக்கு, எல்லாத்தையும் ஒரே மரத்துல சேக்குறது லேசு இல்லை. இப்போ ஜீனோம் பாத்து நாத்தை செலக்ட் பண்றாங்க. நிதானமான வேலை, ஃபோட்டோ போட்டா யாரும் பாக்க மாட்டாங்க, ஆனா என் கணக்குல நம்பகமானது இதுதான்.

இன்னொண்ணு கட்டுரையில சுத்தமா இல்லை, ஐரோப்பா. 1938ல இத்தாலியில ஜெனோவா பக்கம் இதே நோய் வந்தது, இனி அங்கயும் ஒரு மரம் மிஞ்சாதுன்னு பயந்தாங்க. 1950 வாக்குல பிராகின்ற ஆராய்ச்சியாளர் சில மரத்துல புண்ணு தானா ஆறுறதைப் பாத்தார், அப்புறம் பிரான்ஸ்ல க்ராந்த் அதைப் பிடிச்சுக்கிட்டு தோண்டினார், கடைசியில தெரிஞ்சது அந்தப் பூஞ்சைக்கே ஒரு வைரஸ் பிடிச்சிருக்கு! பூஞ்சைக்குக் காய்ச்சல் வந்தா மரம் பொழைக்குது. அந்த வைரஸ் உள்ள பூஞ்சையை புண்ணைச் சுத்தி வச்சு அங்க நிறைய தோப்பைக் காப்பாத்தியிருக்காங்க. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்து ஆராய்ச்சிக்காரங்க இதை ட்ரை பண்ணாங்க, ஆனா ரெண்டு பூஞ்சை ஒட்டினாத்தான் வைரஸ் தாவும், ஒட்டணும்னா ரெண்டும் ஒரே வகையா இருக்கணும், அங்க வகைங்க ஏகப்பட்டது, அதனால பரவவே இல்லை. தாவுறதுக்குத் தடையா இருக்கிற ஜீன்களை எடுத்துட்ட பூஞ்சையை உருவாக்கி அதுக்கும் வழி தேடுறாங்க.

எனக்கு இதுல ரொம்ப வயித்தெரிச்சல் எதுன்னா அமெரிக்காவோட பென்சில்வேனியா மாநிலத்துல நடந்தது. 1911ல தனியா ஒரு கமிஷன் போட்டு 2,75,000 டாலர் ஒதுக்கி நோய் வந்த மரத்தை எல்லாம் வெட்டித் தள்ளினாங்க, ரெண்டு வருஷத்துல கைவிட்டாங்க. எப்படியும் சாகப்போகுது, இப்பவே வெட்டி வித்துடுன்னு அந்தக் காலத்துல நல்ல மரத்தையும் சேத்து வெட்டினவங்க நிறைய பேர், இயற்கையா தாங்குற மரம் அதுல எத்தனை போச்சோ. இன்னிக்கும் அந்த மலைக்காட்டுல அடிக்கட்டையிலேருந்து தளிர் வருது, மண்ணுக்குள்ள இருக்கிற வேரை அந்தப் பூஞ்சை ஒண்ணும் பண்றதில்லை, கொஞ்சம் பெருசானதும் திரும்ப நோய் பிடிச்சு சாயுது. ஓக் மரத்துல பெருசா கெடுதல் பண்ணாம அது ஒளிஞ்சு இருக்கிறதால ஒழிக்கவும் முடியாது.

கடைசியா, கட்டுரையோட போட்ட படம் செஸ்ட்நட்டே இல்லை, ஹார்ஸ் செஸ்ட்நட். விரல் விரிச்ச மாதிரி அஞ்சு ஏழு இலை சேந்து இருக்குல்ல, அது வேற குடும்பம், இந்த நோய்க்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நிஜ செஸ்ட்நட் இலை ஒத்தையா நீளமா ரம்பப் பல்லோட இருக்கும். அந்த ஹார்ஸ் செஸ்ட்நட் கொட்டை விஷம், வெளிநாட்டுல இருக்கிற நம்ம வாசகர் யாராவது படத்தைப் பாத்துட்டு பார்க்குல பொறுக்கி வறுத்துடப் போறாங்க, அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்