வானொலிச் செய்தி யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் பண்பலை நிலையங்களும், கல்வி நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் சமுதாய வானொலிகளும் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்ப நம் நாட்டில் இன்றளவும் அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மறுஒலிபரப்புச் செய்ய மட்டுமே அவற்றுக்கு இடமுண்டு. 2004இல் தொடங்கப்பட்டு நாட்டுக்கே முன்னோடியாக விளங்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலிக்கும் இதே நிலைதான். கைப்பேசி வைத்திருக்கும் எவரும் எதையும் நொடியில் லட்சம் பேருக்கு அனுப்பிவிடக்கூடிய காலத்தில், உரிமம் பெற்று, முகவரியோடு, சட்டத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்போடு இயங்கும் ஒரு நிலையத்தின் வாயை மட்டும் கட்டிவைப்பதற்கு நாட்டின் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்வது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது.

செய்தியை அரசின் கையில் வைத்திருந்தால் நாட்டின் ஒற்றுமை காக்கப்படும் என்னும் எண்ணம் நம் அனுபவத்துக்கே மாறானது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்டபோது, அவரது மறைவை பிபிசி அறிவித்துப் பல மணி நேரம் கழித்தே அகில இந்திய வானொலி அறிவித்தது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே அன்று பிபிசியைத்தான் நாடினார். இலங்கைப் போரின் ஆண்டுகளில் கடலின் இரு கரையிலும் இருந்த தமிழர்கள், தங்கள் அரசுகளின் ஒலிபரப்பு கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், லண்டனிலிருந்து வந்த பிபிசியின் தமிழோசைக்காகக் காத்திருந்தனர். அவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளதை உள்ளபடி அறிய வேண்டும் என்ற தவிப்பே அவர்களை அங்கே கொண்டு சென்றது.

அரசு வானொலியை மக்கள் நம்பவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1960களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் ரகம் பரவியபோது, திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் வழியாக அது ஊர் ஊராய்ச் சென்று சேர்ந்ததால், உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எந்த நாற்றை எப்போது நடவேண்டும், எந்தப் பூச்சிக்கு என்ன மருந்து என்பதைத் தம் பேச்சுத் தமிழில், தம் மண்ணை அறிந்தவர்கள் வாயிலாகக் கேட்ட உழவர், அறுவடையில் அது சரியாக இருக்கக் கண்டார். மீண்டும் கேட்டார். தேசம் என்பது தமக்கும் உரியது என்ற உணர்வு காவிரிப் படுகையில் வேரூன்றியதில் இத்தகைய ஒலிபரப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். எந்தப் பிரசாரமும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. ஆகவே, உள்ளூர் நிலையங்களின் சொந்த நிகழ்ச்சி நேரத்தைக் குறைத்து, தலைநகரிலிருந்து வருவதை அஞ்சல் செய்வதைக் கூட்டும் எந்த முடிவும் நாட்டுணர்வை வளர்ப்பதாகாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்றும், அவற்றை அரசின் பிடியில் இல்லாத சுதந்திரமான பொது அமைப்பு ஒன்றே நெறிப்படுத்த வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 1990இல் இயற்றப்பட்டு 1997இல்தான் நடைமுறைக்கு வந்த, அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி அமைப்புக்கான சட்டம், தன் 12ஆம் பிரிவில் நாட்டின் ஒருமைப்பாட்டையும், உண்மையான, நடுநிலையான தகவலைப் பெறும் குடிமக்களின் உரிமையையும் அடுத்தடுத்தே வைத்துப் பேசுகிறது. முன்னதை மட்டும் உரக்கச் சொல்லிப் பின்னதை மறந்துவிட்டதில், ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சியும் விலக்கல்ல. 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் பரப்புரை நடந்துகொண்டிருந்தபோது, தூர்தர்ஷனின் செய்தி அலைவரிசையான டிடி நியூஸ் இலச்சினை காவி நிறத்துக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னைத் தூர்தர்ஷன் நிலைய விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின் ஓர் அடி விடுபட்டது. நிலையம் வருத்தம் தெரிவித்த பின்னும் மக்கள் அதைத் தவறுதல் என்று ஏற்கத் தயங்கினார்கள் என்றால், நம்பிக்கை எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செய்தியைத் தன் கையில் வைத்திருக்க நினைக்கும் அரசின் ஆசை இணைய காலத்தில் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்பதைத் தானே முடிவுசெய்யும் அதிகாரத்தை, 2023இல் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, மத்திய அரசு எடுத்துக்கொண்டது. மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதை அரசமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் 2023இல் தனக்கென ஒரு தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது. மத்தியில் தவறு என்று நாம் கண்டிப்பதை மாநிலத்தில் வரவேற்பது முறையாகாது.

பிரசார் பாரதியை மேற்பார்வையிட 22 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றக் குழுவை அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு வகுத்துள்ளது. அக்குழுவை உயிரோடு இயங்கச் செய்யவும், பண்பலை மற்றும் சமுதாய வானொலிகளின் செய்தித் தடையை நீக்கவும் நம் மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி வரும் கூட்டத்தொடரிலேயே குரல் எழுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.