உன் மகள் நர்ஸிங் படிக்கப் போகிறாளாம்

அன்புள்ள ரேவதி,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு மூட்டு வலிதான் விட்டபாடில்லை. விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் நேற்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள். நர்ஸிங் படிக்க வேண்டுமாம். "நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க சித்தி, நான் சொன்னா கத்துவாங்க" என்றாள். சொல்லிவிட்டேன். கத்தி முடித்துவிட்டு மேலே படி.

எடுத்த எடுப்பில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள், அடுத்து எந்த ஸ்பெஷாலிட்டியில் அதிகம் என்றாள். கணக்கில் அப்படியே நீதான்! (அந்தக் கணக்கு நோட்டு சமாசாரத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, பயப்படாதே.) உள்ளதை உள்ளபடி சொன்னேன். படிப்பு முடிந்ததும் கிடைக்கும் சம்பளம் பல இடங்களில் ஏமாற்றமாகத்தான் இருக்கும், அதுவும் சின்னத் தனியார் மருத்துவமனைகளில். அரசு வேலை என்றால் ஒரு பிடிமானம் உண்டு. மற்றபடி ஒரே லைசென்ஸ், ஒரே அனுபவம் உள்ள இரண்டு பேருக்குள் வித்தியாசம் வருவது பெரும்பாலும் நைட் அலவன்ஸ், ஓவர்டைம், ஆன்கால் (வீட்டில் இருந்தாலும் கூப்பிட்டால் ஓட வேண்டிய டியூட்டி) இவற்றால்தான். ஐசியூ சான்றிதழ் வாங்கினால் சம்பளம் தானாக ஏறிவிடும் என்று நினைத்திருந்தாள். சில இடங்களில் ஏறும், சில இடங்களில் ஒன்றுமே ஏறாது, பணம் கட்டிக் கோர்ஸில் சேரும் முன் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பொறுப்பே மாறும்போதுதான் சம்பளம் நிஜமாக உயரும். அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸுகள் இருக்கிறார்கள், நர்ஸ்களிலேயே அதிகம் சம்பாதிப்பவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் அதற்கு ஐசியூ அனுபவமும் வேண்டும், இப்போது புதிதாகச் சேர்பவர்கள் முனைவர் பட்டம் வரை படிக்கவும் வேண்டும். பல நாடுகளில் அப்படி ஒரு பதவியே கிடையாது.

ஸ்பெஷாலிட்டியை இப்போதே முடிவு செய்யாதே என்றேன். முதலில் பொது வார்டில் ஒன்றிரண்டு வருஷம் நிற்கட்டும். ஒரே நேரத்தில் பத்து வேலை வரும்போது எதை முதலில் செய்வது என்று அங்கேதான் படியும். அதற்கப்புறம் தன் சுபாவம் என்ன என்று அவளுக்கே தெரிந்துவிடும். டயாலிசிஸில் அதே ஆட்கள் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், வருஷக்கணக்கில் வருவார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணம் முதல் கடன் வரை நமக்குத் தெரிந்துவிடும், நைட்டும் குறைவு. ஆபரேஷன் தியேட்டரில் உடம்புக்குள் எதுவும் தங்கிவிடாதபடி பஞ்சையும் கருவிகளையும் எண்ணி எண்ணி, கணக்கு சரியாக வராமல் சர்ஜனைத் தைக்கவிடாத துணிச்சல் வேண்டும். பச்சிளம் குழந்தைகளின் ஐசியூவில் ஒரு கிலோகூட இல்லாத குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் அளவு பத்து மடங்காகிவிடும். பேசிக்கொண்டே ஆளைக் கவனிக்கத் தெரிந்தவளுக்கு மனநலப் பிரிவு. எனக்கென்னவோ உன் மகள் தியேட்டருக்குத்தான் போவாள் என்று தோன்றுகிறது, விட்டுக்கொடுக்கவே மாட்டாளே.

ரேவதி, இவ்வளவு பேசியும் அவள் ஒன்றைக் கேட்கவே இல்லை. ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? என்னைக் கேட்டால் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது அதுதான். நம் சுமதி நர்ஸ் வேலையை விட்டது சம்பளம் போதாமல் என்றுதானே எல்லோரும் நினைக்கிறார்கள்? இல்லை. ராத்திரி முழுக்க ஒரு வார்டுக்கு அவள் ஒருத்திதான். இந்தக் கட்டிலில் இருப்பவருக்கு மூச்சு வாங்கும்போது அந்தக் கோடியில் இருப்பவர் கூப்பிடுவார், இரண்டு பக்கமும் போக முடியாது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல்தான் கேட்கிறது என்று என்னிடம் அழுதிருக்கிறாள். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், நர்ஸிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தார்கள். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது, ஆபரேஷனுக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. நர்ஸுகள் மனம் சோர்ந்துபோவதும் சேர்ந்தே கூடியது. கலிஃபோர்னியாவில் 2004 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது, ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் நாமேதான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். எண்ணிக்கையைச் சொல்லாமல் மழுப்பும் மருத்துவமனை எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் அவள் சேர வேண்டாம். இதில் மட்டும் என்னோடு வாதம் செய்யாதே.

வெளிநாடு போவாளோ என்று அடுத்த கவலை உனக்கு வந்திருக்கும். போகலாம். 2023-ல் உலகம் முழுக்க 58 லட்சம் நர்ஸுகள் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம், வேலைக்குப் பஞ்சமில்லை. லைசென்ஸ் தேர்வு, மொழித் தேர்வு என்று போகும் நாட்டுக்கு ஏற்ப எழுத வேண்டியிருக்கும். ஆனால் இத்தனை வருஷம் வேலையை விடமாட்டேன் என்று பாண்டு கையெழுத்துப் போடச் சொல்லும், சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் ஏஜென்சி பக்கமே அவள் போகக் கூடாது.

கல்லூரி பார்க்க ஆரம்பித்தால் மூன்று விஷயம் விசாரி. நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் இப்போதும் இருக்கிறதா, மாணவிகளை எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே எத்தனை படுக்கை. விவரம் வந்ததும் எனக்கு அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். உன் வீட்டுக்காரர் "நைட் டியூட்டியா?" என்று ஆரம்பித்தால் போனை அவரிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

உன்,
மாலா