கோட்டுக்கு வெளியே நில்லுடா, தம்பி

தம்பி,

போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை பேசுவாய், அப்புறம் நானும் கத்துவேன், உள்ளே படுத்திருக்கிற அம்மா எழுந்து வந்து போனைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேனே என்று கோபம் வரலாம். அன்றைக்கு அந்தக் கிரவுண்டுக் கோட்டோரம் நின்ற அப்பாக்களில் பாதிப் பேருக்கு இது பொருந்தும், நீ கொஞ்சம் சத்தமாக இருந்தாய், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பையன்கள் ஆடின செவன்ஸ் கால்பந்து மேட்ச்தான் விஷயம், டீமுக்கு ஏழு பேர் ஆடுவார்களே, அது. இரண்டாவது பாதியில் பந்து உன் பையனிடம் வந்தது. அவன் தலையைத் தூக்கி உள்ளே யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான், பாஸ் கொடுக்கப் போகிறான் என்று எனக்கே தெரிந்தது. அதற்குள் நீ "அடி! அடிடா! லெஃப்ட்ல அடி!" என்று கத்தினாய். பையன் திரும்பி உன்னைப் பார்த்தான், பந்து காலுக்கடியில் போய்விட்டது. எதிர் டீம் பையன் எடுத்துக்கொண்டு ஓடினான். நீ தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னாய்.

அதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் கடைசி கால் மணி நேரம் அவன் என்ன செய்தான் என்று நீ பார்த்தாயா? பந்து வராத இடமாகப் பார்த்துப் பார்த்து நின்றான். பந்து இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் நகர்ந்தான். ஓடுகிற மாதிரி இருக்கும், ஆனால் வேண்டுமென்றே ரெண்டு அடி தாமதமாகப் போவான். நீ பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, கால்பந்து என்னைவிட உனக்குத் தெரியும். ஒத்துக்கொள்கிறேன். உன் இடது கால் எப்படி என்று வியாசர்பாடியில் அந்தக் காலத்தில் ஆடினவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கிழிந்த ஸ்டாக்கிங்ஸைத் தைத்துக் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா? அப்பாவுக்கு மில் வேலை போனதும், நீ லேத் பட்டறைக்குப் போனதும், ஒரு ஆபீஸ் டீம் செலக்‌ஷன் நடந்த அன்று நீ பட்டறையில் கிரீஸ் கையோடு நின்றதும் நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாததால் அது இல்லாமல் போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ "லெஃப்ட்ல அடி" என்று கத்தினாயே, உன் பையன் வலது காலில் ஆடுகிறவன்டா.

அதைக் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது, நீ அவனைக் கூப்பிடவில்லை.

இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அவனைக் கிளப்பில் சேர்த்த நாளிலிருந்து கேட்கிற கேள்விகளுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

"பையன் ரொம்பச் சின்னதா இருக்கான், எல்லாரும் இடிச்சுத் தள்றாங்க" என்கிறாய். அவன் எப்போது பிறந்தான்? 2015 வெள்ளம் வடிந்த மறு வாரம், டிசம்பரில். வண்டி கிடைக்காமல் உன் பெண்டாட்டியை மீன்பாடி வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோமே, மறந்துவிட்டதா? கால்பந்தில் வயதுப் பிரிவு ஜனவரி 1-ஆம் தேதியை வைத்துக் கணக்கு. 2015 ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே குரூப். பத்து வயதில் பதினோரு மாதம் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நீயே யோசி. உலகம் முழுக்க அகாடமிகளில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்த பிள்ளைகள்தான் அதிகம் தேர்வாகிறார்கள், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவு. திறமையால் இல்லை, உயரத்தைப் பார்த்து எடுப்பதால். ஆக, உன் பையன் இப்போது இடிபடுவதற்கு நீயும் காரணம் இல்லை, அவனும் இல்லை, காலண்டர்தான். வளர வளர இது நிறையவே சரியாகிவிடும், அதுவரைக்கும் அவன் கிரவுண்டுக்கு வந்துகொண்டிருந்தால்.

இதைச் சொன்னதும் உன் மூளை எங்கே போகும் என்று தெரியும். ஏற்கெனவே ஒரு தடவை, டீ குடிக்கும்போது விளையாட்டாகச் சொல்கிற மாதிரி, "சர்டிபிகேட்ல ஒரு வருஷம் குறைச்சுக்கலாமா அக்கா" என்று கேட்டாய். வேண்டாம். பிறப்புப் பதிவு இன்றைக்கு கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, சரிபார்த்தால் தெரிந்துவிடும். மேலே போகப் போக மணிக்கட்டு எலும்பைப் படம் பிடித்துப் பார்ப்பார்கள், ஃபிஃபாவே 17 வயதுக்கு உட்பட்டோர் போட்டிக்கு 2009-லிருந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறது. அதெல்லாம்கூட விடு. பத்து வயசுப் பையனுக்கு "உன் வயசு எவ்வளவு" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று அவன் முதலில் உன் முகத்தைப் பார்க்கிற நிலைமை நமக்கு எதற்கு?

அப்புறம் அந்த ஹெடிங். மாடியில் வைத்துத் தினம் 50 தடவை தலையால் முட்ட வைக்கிறாயாமே, என் பையன் சொன்னான். உடனே நிறுத்து. அமெரிக்காவில் 2015-லேயே பத்து வயது வரைக்கும் ஹெடிங் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், இங்கிலாந்தில் 2020-லிருந்து ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெடிங்கே கிடையாது. நம்ம கோச்சும் இந்த வயதில் சொல்லித் தருவதில்லை, அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நீ வீட்டில் ஈடு கட்டுகிறாய். அதுவும் 5-ஆம் நம்பர் பந்தில்! 8 முதல் 12 வயது வரைக்கும் 4-ஆம் நம்பர் பந்துதான். சுற்றளவில் நாலைந்து சென்டிமீட்டர்தான் வித்தியாசம், எடை 60 கிராம்போல, ஆனால் அந்தக் காலுக்கு அது மலை. பெரிய பந்தை உதைத்து உதைத்து முட்டி வலிக்கிறது என்று வந்தால் அவனுக்கு ஸ்டாமினா இல்லை என்பாய்.

குதிகால் வலி என்று சொன்னானே, அதையும் அலட்சியம் பண்ணாதே. வளர்கிற வயதில், எலும்பு வளரும் இடத்தில், ஓடுகிற பிள்ளைகளுக்கு வருகிறதுதான். டாக்டரிடம் காட்டு, ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தைலம் தேய்த்து மறுநாளே இறக்கிவிடுகிற நம்ம காலத்து வைத்தியம் வேண்டாம்.

புது ஷூ வாங்க வேண்டாம், என் பையனின் போன வருஷ ஷூவைத் தருகிறேன் என்றேன், நீ ரோஷப்பட்டாய். பத்து வயசுக் கால் சீக்கிரமே அடுத்த சைஸுக்கு ஏறும்டா. கிளப்பில் எல்லா வீட்டிலும் ஷூ ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. புதுசு வாங்கியே தீருவேன் என்றால் பெரியமேடு போ, நேரு ஸ்டேடியம் பக்கத்துக் கடைகளில் பேரம் பேசு. ஆனால் முன்னங்காலில் கட்டுகிற ஷின் பேட் மட்டும் நல்லதாக வாங்கு, அது இல்லாமல் ரெஃப்ரி உள்ளே விடமாட்டார், விதியே அப்படித்தான். கல்லும் மண்ணுமான தரையில் ஷூ அடியில் நீளமான கட்டை (ஸ்டட்) வேண்டாம், வழுக்கிக் கணுக்கால் திரும்பிவிடும், சின்னச் சின்னக் கட்டை நிறைய இருக்கிற ஷூவாகப் பார்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் உன் மனசில் பெரிதாக ஓடுகிறது என்று தெரியும், உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ், ஏ.ஜி. ஆபீஸ் என்று ஒரு காலத்தில் ஆபீஸ் டீம்களில் பந்து ஆடியே குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் நம் பக்கத்தில் உண்டு. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பெரிய போட்டிகளில் ஆடின சர்டிபிகேட் வேண்டும், அதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. பத்து வயதில் ஒரு பாஸ் தப்பினால் ரயில்வே வேலை போய்விட்ட மாதிரி நீ பார்க்கிறாய். அந்தப் பார்வை அவனுக்குத் தெரிகிறது.

தன்பால் கணேஷை நீதான் எனக்கு டிவியில் காட்டினாய், "நம்ம வியாசர்பாடிப் பையன்" என்று. 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதியில், நேரு ஸ்டேடியத்தில், அவர் கோல் அடித்தபோது நம்ம தெருவே கத்தியது, அந்த சீசன் சென்னையின் எஃப்.சி. கோப்பையும் வாங்கியது. அடுத்த சீசன் முழங்கால் காயத்தில் அவர் ஆடவே இல்லை. நீ முதல் பாதியை மட்டும்தான் பையனுக்குச் சொல்கிறாய். ரெண்டாவது பாதியையும் சொல், பயமுறுத்த இல்லை, கதை முழுசாக இருக்கட்டும். நந்தகுமார் சேகர் 2023 டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு அடித்த கோலை அவன் நூறு தடவை போனில் பார்த்திருப்பான், அதில் நீ சொல்லிக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை, அவன் தானாகவே பார்ப்பான்.

இதெல்லாம் நான் என்னவோ பிறந்ததிலிருந்தே தெரிந்தவள் மாதிரி எழுதுகிறேன், இல்லையா? என் கதையைக் கேள். பெரியவனை முதலில் ஒரு பணம் கட்டுகிற அகாடமியில்தான் சேர்த்தேன், பெயர் வேண்டாம். ரெண்டு செட் ஜெர்சி, பை, தொப்பி எல்லாம் சேர்த்துப் பணம் கட்டினேன், நகைச்சீட்டுப் பணம் அது. கட்டின காசுக்கு அவன் ஆட வேண்டாமா? ஒவ்வொரு மேட்ச்சிலும் எத்தனை நிமிஷம் இறக்கினார்கள் என்று போனில் நேரம் பார்த்து எழுதி வைத்தேன். கோச்சிடம் சண்டை போட்டேன். கோட்டோரம் நின்று உன்னைவிடக் கேவலமாகக் கத்தியிருக்கிறேன், எனக்கு ஆஃப்சைடுகூட அப்போது தெரியாது. ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது, சர்மா நகர் வருவதற்குக் கொஞ்சம் முன்னாடி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, இனிமே நீ வராத."

நான் மூணு மாசம் போகவில்லை. அப்புறம் இந்த கிளப்பில் சேர்த்தேன், மாசம் 200 ரூபாய், அதையும் முடியாதவர்களிடம் கேட்பதில்லை. கோச் முதல் நாளே என்னிடம் ஒன்று சொன்னார்: "அக்கா, தண்ணி கேன் தூக்க ஆள் இல்ல, நீங்க பாத்துக்கறீங்களா?" அப்போது அது என்னை அடக்குவதற்கு என்று தெரியவில்லை. கேன் தூக்குகிறவளுக்குக் கத்த நேரம் இருக்காது. அதுவும் போதாது என்று நான் வேர்க்கடலை வாங்கி வைத்துக்கொள்கிறேன். வாய் துறுதுறுக்கும்போது ஒரு பிடி கடலை. வாய் நிறைய இருந்தால் "அடி" என்று சொல்ல முடியாது, சொன்னாலும் யாருக்கும் புரியாது. சிரிக்காதே, மூணு வருஷமாக இது வேலை செய்கிறது. பெரியவன் இப்போது வீட்டுக்கு வந்து அவனாகவே மேட்ச்சைச் சொல்கிறான், நான் கேட்காமலே. தோற்றால் முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சொல்கிறான்.

இனி நீ செய்ய வேண்டியது. விடிகாலை ஆறு மணிக்குப் பையனை எழுப்பிக் கொண்டுவந்து விடு, அது பெரிய வேலை, அதை உன்னைவிட யாரும் சரியாகச் செய்வதில்லை, அதற்கு என் மனசில் உனக்கு நன்றி உண்டு. கொடுங்கையூர் குப்பைமேடு புகைகிற நாளில் காற்று நம் பக்கம் அடித்தால் கூட்டிக்கொண்டு வராதே, ஒரு நாள் போனால் ஒன்றும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிரவுண்ட் குளமாகிவிடும், அப்போது பையன்கள் யார் வீட்டு மாடியிலாவது ரப்பர் பந்து ஆடுவார்கள், விடு, அதில்தான் கால் பழகும், உனக்கும் அப்படித்தான் பழகியது. கோல் போஸ்ட் தூக்க ஆள் வேண்டும், கோடு போட சுண்ணாம்புப் பொடி கரைக்க ஆள் வேண்டும், பட்டறையில் வெல்டிங் தெரிந்தவன் நீ, அந்த ரெண்டு போஸ்ட்டும் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருக்கின்றன, யாராவது மேலே விழுவதற்குள் பார்த்துக் கொடு.

மேட்ச் முடிந்ததும் பைக்கில் ஏற்றி வீடு வரைக்கும் "ஏன் அங்க பாஸ் பண்ண, ஏன் அடிக்கல" என்று கேட்டுக்கொண்டே போகிறாயாம். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து அவன் என்ன பதில் சொல்வான்?

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீ கோபித்துக்கொண்டு முன்னால் கிளம்பிப் போய்விட்டாய், நான்தான் அவனைக் கூட்டி வந்தேன். பானிபூரி வாங்கித் தந்தேன். சாப்பிட்டு முடித்துவிட்டு, "அத்த, எங்க அப்பா லெஃப்ட் கால்ல எப்பிடி அடிப்பாரு?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது, உங்க அப்பாவையே கேள் என்றேன்.

வர்ற ஞாயிறு ஆறரைக்கு வா. என் பக்கத்தில் நில், கடலை நான் கொண்டு வருகிறேன். மேட்ச் முடிந்த பிறகு கிரவுண்டில் ஒரு அரை மணி நேரம் யாரும் ஆட மாட்டார்கள். உன் பழைய ஷூ அம்மாவின் பரண்மேல் இருக்கிறது, நேற்று எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். ஒரு லேஸ்தான் அறுந்திருக்கிறது, வரும்போது வாங்கி வா.

அக்கா