கொரிடோர் லைற்றும் காணாமல் போன சிக்னலும்

கொழும்பு 6

மச்சான்,

வீட்டில் எல்லோரும் சுகம். கட்டைக்குப் பேரன் பிறந்திருக்கிறான். பெயர் வைப்பதில் இப்போது அவனுக்கும் சம்பந்திக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வாத்தியார் உன்னை விசாரித்தார். லண்டனுக்குப் போனவர்களுக்கெல்லாம் விரல் விறைத்துவிடுமா என்று கேட்கிறார், நான் என்ன சொல்ல? ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கொண்டுவந்து பூட்டித்தந்த, ரிமோட்டை அமத்தினால் வீட்டுக் கரண்ட் வயர் வழியாகவே சிக்னல் அனுப்பி லைற்றை எரிக்கும் எக்ஸ்-10 செற் இருக்கிறதே, அது கொஞ்ச நாளாக ஏமாற்றத் தொடங்கியது. ஓர் இரவு அம்மா ரிமோட்டை அமத்தியிருக்கிறார், கொரிடோர் லைற் எரியவில்லை. திரும்ப அமத்தியும் எரியவில்லை. இருட்டிலேயே பாத்ரூம் பக்கம் நடந்து தடுமாறி, நல்ல காலம், கதிரை ஒன்று கையில் அகப்பட்டது. சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். 83 வயது மச்சான். விழுந்திருந்தால் இடுப்பு எலும்புதான். அதற்குப் பிறகு அதைக் கண்டுபிடிக்காமல் எனக்கு நித்திரை வராது என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த வயரிங் பாஸ் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இதைக் கழற்றி எறிந்துவிட்டு வைஃபை பல்ப் போடுங்கள் என்றார். மகனும் அதையேதான் சொல்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. கரண்ட் போய் வந்தால் ரூட்டர் எழும்பச் சில நிமிடம் ஆகும், அதுவரை அம்மா என்ன செய்வார்? அதோடு அந்த ரிமோட்டின் பொத்தான்கள் அவருடைய விரலுக்குப் பழகிவிட்டன, கண்ணாடி போடாமலே அமத்துகிறார். இந்த வயதில் இன்னொன்றைப் பழக்குவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

முதலில் பழுது எந்தப் பாதியில் என்று பிரித்தேன். ரிமோட்டிலிருந்து ஹோலில் உள்ள பெட்டி வரை ரேடியோ, பெட்டியிலிருந்து லைற் வரை வீட்டு வயர். ஒன்றாம் நம்பரை அமத்தினால் பெட்டிக்குள் 'டிக்' என்று ரிலே, அந்தச் சின்ன மின்சுவிட்ச், விழும். ஒவ்வொரு முறையும் விழுந்தது. ஆகவே ரேடியோவில் குறையில்லை. பெட்டியைக் கழற்றிக் கொரிடோர் பிளக்கிலேயே செருகினேன், லைற் உடனே எரிந்தது. அதனால் லைற்றோடு இருந்து சிக்னலைக் கேட்டு அதை எரிக்கும் மொடியூலும் நல்லது. நடுவில் வயரில்தான் சிக்னல் சாகிறது.

நம்ம முட்டைக்கண்ணாடி மாஸ்டர் 'கரண்ட் எங்கேயடா போகும்?' என்று கேட்பாரே, அதே கேள்விதான். பெட்டி சொல்வது 120 கிலோஹேர்ட்ஸில் ஒரு மில்லிசெக்கன் நீளமான சின்னத் துடிப்பு. 230 வோல்ட் அலை பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில், அங்கே ஓரளவு அமைதி என்பதால், அந்தத் துடிப்பை வைக்கிறது. துடிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு லைற்றைக் கூப்பிட்டு 'எரி' என்று சொல்லி முடிக்க நம்ம 50 ஹேர்ட்ஸ் கரண்டில் ஏறக்குறைய ஒரு செக்கன். புறப்படும்போது சில வோல்ட், போய்ச்சேரும்போது ஏறக்குறைய 0.1 வோல்ட் மிஞ்சினால்தான் மொடியூலுக்குக் கேட்கும். கேட்டதா இல்லையா என்று பெட்டிக்குத் திரும்பச் சொல்ல வழியே இல்லை. அதுதான் இதில் எனக்குப் பெரிய பயம். அம்மா அமத்திவிட்டார், பெட்டி சொல்லிவிட்டது, அங்கே யாருக்கும் கேட்கவில்லை.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். மகள் ஏ.எல். சோதனைக்காக விழித்திருந்து படிக்கும் இரவுகளில்தான் லைற் எரிவதில்லை. அவள் கெதியாகப் படுத்துவிட்டால் ஒழுங்காக எரிகிறது. மேல்மாடியில் அவளுடைய மேசையில் இருப்பவை கம்ப்யூட்டர், கரண்ட் போனால் அதைத் தாங்கும் யூபிஎஸ், போன் சார்ஜர், எல்ஈடி மேசை லைற். படுக்கப்போகும்போது எல்லாவற்றையும் சுவர்ச் சுவிட்சில் அணைத்துவிடுவாள். இதை நான் சொன்னதும் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது, தன்னால்தான் அப்பம்மா விழப்பார்த்தார் என்று. அவளைப் பக்கத்தில் இருத்தி, நீ படிப்பதில் ஒரு பிழையும் இல்லை, நீதான் எனக்கு வழி காட்டியிருக்கிறாய் என்றேன். அன்றைக்குப் படிப்பை விட்டுவிட்டு என்னோடு நின்று ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்தாள். கீழே மகன் ரிமோட்டோடு நின்று 'எரியுது', 'இல்லை' என்று கத்திக்கொண்டிருந்தான்.

சத்தம் போடுவதும் சிக்னலைக் குடிப்பதும் இரண்டு வேறு வியாதிகள் மச்சான், அன்றைக்குத்தான் வடிவாக விளங்கியது. எல்ஈடி லைற் சத்தம் போடுகிற சாதி. அப்பாவின் பழைய ரேடியோவை மீடியம் வேவில் வைத்துப் பக்கத்தில் பிடித்தால் 'கர்ர்' என்று இரைந்தது. கல்யாண வீட்டில் மேளம் முழங்கும்போது காதில் சொன்ன ரகசியம் மாதிரி, சிக்னல் அதற்குள் அமுங்கிவிடும். ஆனால் லைற்றை மட்டும் போட்டால் இடைக்கிடைதான் தவறியது. யூபிஎஸ்ஸைச் செருகினால் ஒருபோதும் எரியவில்லை. அதனிடம் ரேடியோவைக் கொண்டுபோனால் ஒரு சத்தமும் இல்லை! முன்பக்கப் பொத்தானை அணைத்தாலும் பயனில்லை, சுவரில் அணைத்தால்தான் விடுகிறது. கரண்ட் உள்ளே வரும் வாசலிலேயே வயருக்குக் குறுக்கே கொண்டென்சர் இருக்கும், பொத்தானுக்கு முன்னாலேயே. 0.1 மைக்ரோபரட் என்று வை. 50 ஹேர்ட்ஸுக்கு அது 32,000 ஓம், இருப்பதே தெரியாது. 120 கிலோஹேர்ட்ஸுக்கு வெறும் 13 ஓம். சிக்னல் முழுக்க அதற்குள்ளே இறங்கிவிடுகிறது.

அந்த யூபிஎஸ் எப்போது வந்தது தெரியுமா? 2022இல், பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில். கடனுக்கு வாங்கினேன். இந்த எக்ஸ்-10 முறையை உன் பக்கம் ஸ்கொட்லாந்தில், கிளென்ரொதஸில் இருந்த பிக்கோ இலெக்ட்ரோனிக்ஸ்காரர் 1975இல் உருவாக்கியபோது வீடுகளில் இருந்தவை குண்டு பல்ப்பும் இஸ்திரிப்பெட்டியும்தான். அன்றைய வயரில் அந்தச் சின்னக் குரல் தாராளமாகக் கேட்டது. இன்றைக்கு ஒவ்வொரு அறையிலும் நாலு சார்ஜர். இதைப் பழையது, உதவாதது என்று சொல்வோர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அது மாறவில்லை, வயரில் தொங்குகிற சாமான்கள்தான் மாறிவிட்டன.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மேல்மாடி கட்டியபோது மூன்று பேஸ், அதாவது கரண்ட் வரும் மூன்று தனித்தனி வயர், எடுத்தோம் அல்லவா? ஹோலும் அம்மாவின் அறையும் ஒரு பேஸ், கொரிடோரும் மகளின் அறையும் வேறு பேஸ். பெட்டி தன் துடிப்பை 3.33 மில்லிசெக்கன் இடைவெளியில் மூன்று தரம் அனுப்புகிறது, ஒவ்வொரு பேஸும் பூச்சியத்தைக் கடக்கும் நேரத்துக்கு ஒன்றாக. நேரம் பொருந்துகிறது, பாதைதான் இல்லை. வயர்கள் ஒரே குழாயில் ஒட்டி ஓடுவதால் கசிந்து போகிற கொஞ்சத்தில்தான் கொரிடோர் லைற் இத்தனை நாளும் எரிந்திருக்கிறது. அந்தக் கொஞ்சத்தையும் யூபிஎஸ் குடித்தது.

இப்போதைக்குப் பெட்டியைக் கொரிடோர் பேஸில் மாட்டிவிட்டேன், யூபிஎஸ்ஸையும் கழற்றியாயிற்று. கொரிடோர் தவறாமல் எரிகிறது. ஹோல் பேஸில் இருக்கும் அம்மாவின் கட்டில் லைற்றைத்தான் இப்போது நம்ப முடியவில்லை, அதற்குக் கைக்கு எட்டும் சுவிட்ச் ஒன்று போட்டேன். இன்னொரு பெட்டி வை என்று சொல்லாதே, ஒரே ரிமோட்டை இரண்டு பெட்டியும் கேட்டு ஒரே நேரத்தில் கத்தினால் இரண்டுமே குழம்பிவிடும். யூபிஎஸ் சிக்னலைக் குடிக்காமல் தடுக்கும் பில்டரைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் தேடினேன், எல்லாக் கடையிலும் கரண்ட் திடீரென்று ஏறினால் காக்கும் சேர்ஜ் புரடெக்டரைத்தான் நீட்டுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்குள்ளும் அதே கொண்டென்சர் இருக்கிறது, கேடு இன்னும் கூடும்.

ஆகவே நீதான் தேட வேண்டும். இரண்டு சாமான். யூபிஎஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் செருகும் எக்ஸ்-10 பில்டர் ஒன்று, சதுரப் பின் மூன்று உள்ளது, 5 அம்பியராவது தாங்க வேண்டும். மற்றது சிக்னலை ஒரு பேஸிலிருந்து இன்னொரு பேஸுக்குக் கடத்த மெயின் போர்ட்டில் பூட்டும் பேஸ் கப்ளர், மூன்று பேஸுக்கும் உரியது. சும்மா ஒரு கொண்டென்சரை வாங்கிப் போடு என்று கட்டை சொல்கிறான், நான் கேட்கவில்லை. பேஸுக்குப் பேஸ் 400 வோல்ட், 275 வோல்ட் கொண்டென்சர் அதைத் தாங்காது, நெருப்புப் பிடிக்கும். கப்ளர் வந்தால் மெயின் போர்ட்டில் கை வைக்கத் தெரிந்த பாஸைக் கொண்டுதான் பூட்டுவேன். பழைய சாமானாக இருந்தாலும் பரவாயில்லை, 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கு. உன் தம்பி கனடாவிலிருந்து அனுப்புகிறேன் என்பான், அங்கே உள்ளது 120 வோல்ட், வேண்டாம்.

பெரியக்காவின் மகன் ஆவணியில் வருகிறானாம். அவனிடம் கொடுத்துவிடு, காசை நான் இங்கே உன் அக்காவிடம் கொடுக்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த முறையாவது பதில் போடு.

உன்,
மச்சான்